குப்பையில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது?

டெல்லியின் திமார்பூரில் 1987ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்தால் 3.75 மெகாவாட் கிடைக்கும் என்று கணக்கிட்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 கோடி ரூபாய் செலவிட்டிருந்தார்கள். சோதனை ஓட்டமாக 21 நாட்கள் ஓடிய அந்த நிலையம் அதற்குப் பிறகு முறையாக ஓடவே இல்லை; சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 1990இல் மூடப்பட்டது. எந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோ கலோரி வெப்பம் தரும் குப்பை வரும் என்று நம்பி உலையை வடிவமைத்திருந்தார்கள். டெல்லிக்காரர்கள் கொட்டிய குப்பையிலோ 600 முதல் 700 கிலோ கலோரிதான் இருந்தது. அப்படிப்பட்ட குப்பை தானாக எரியாது. அதை எரிக்க வேறு எரிபொருள் ஊற்ற வேண்டும்.

கொடுங்கையூரில் எரிஉலை மின்நிலையம் அமைக்கச் சென்னை மாநகராட்சி திட்டம் வகுத்ததும், அதை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றதும் செய்தியாக வந்த நாளிலிருந்து, என்னைத் தெரிந்தவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சும்மா கிடக்கிற குப்பையிலிருந்து கரண்ட் எடுத்தால் நல்லதுதானே சார், ஏன் எதிர்க்கிறார்கள்?" நான் பணிக்காலம் முழுவதும் சர்க்கரை ஆலைகளின் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவன், கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் எடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஆகவே மாசு பற்றிய விவாதத்துக்குப் போவதற்கு முன்னால், எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து, அதாவது உலைக்குள் போகும் எரிபொருளிலிருந்து, இந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறேன். பொதுவெளியில் நடக்கும் வாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

ஒரு கிலோ கலப்புக் குப்பையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வருவது: காய்கறித் தோல், மிச்சச் சோறு, வாழை இலை, பூ, இளநீர் மட்டை. அதனால் அரைக் கிலோ அளவுக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். தெருப் பெருக்கிய மண்ணும், வடிகாலிலிருந்து அள்ளிப் போட்ட சேறும், கட்டட இடிபாட்டுத் தூளும் சேர்ந்து இன்னொரு 200 கிராம் எரியாத சரக்கு. எஞ்சிய 300 கிராம்தான் எரியக்கூடியது. அந்த 300 கிராமும் கிலோவுக்கு 4,500 கிலோ கலோரி கணக்கில் எரிந்தால் 1,350 கிலோ கலோரி வரும். ஆனால் கூடவே இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே ஏறக்குறைய 300 கிலோ கலோரி போய்விடும். அந்த ஆவி புகைபோக்கி வழியாக வெளியேறுவதால் அது நமக்குத் திரும்பக் கிடைக்காது. கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம். எரிஉலை ஒன்றைத் தன் வெப்பத்திலேயே நிதானமாக ஓட்டுவதற்கு, உலக வங்கியின் வழிகாட்டி நூல் கேட்பதோ ஆண்டுச் சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாஜூல், அதாவது சுமார் 1,670 கிலோ கலோரி. எந்தப் பருவத்திலும் 6 மெகாஜூலுக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு.

இதே கணக்கை ஐப்பசி மழையில் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டியிலும் வண்டியிலும் நனைந்த குப்பையில் ஈரம் 60 விழுக்காடு ஆகி, எரியும் பகுதி 20 விழுக்காடாகக் குறைந்தால், 900 கிலோ கலோரியிலிருந்து 360 கழிந்து, மிஞ்சுவது 540. ஈரம் பத்து விழுக்காடு கூடியதற்கு வெப்பம் பாதியாகிவிட்டது. திமார்பூரில் நடந்தது இதுதான். அதற்கு ஊழலோ அலட்சியமோ தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் என் தொழில்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். ஆலையிலிருந்து வரும் கரும்புச் சக்கையிலும் பாதிக்குப் பாதி ஈரம்தான் இருக்கிறது. அது அருமையாக எரிகிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் சக்கையில் சாம்பல் ஒன்றிரண்டு விழுக்காடுதான். ஈரம் போக மீதி முழுவதும் நார். அதனால் கிலோவுக்கு 1,800 கிலோ கலோரி அளவில் நிம்மதியாகக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமானது, காலை ஆறு மணிக்கு வரும் சக்கையும் இரவு பத்து மணிக்கு வரும் சக்கையும் ஒரே சரக்கு என்பது. உலை இயக்குபவர் காற்றின் அளவை ஒருமுறை சரிசெய்துவிட்டால் அந்த ஷிப்ட் முழுவதும் பெரிய கவலை இல்லை. நகரக் குப்பை அப்படி வருவதில்லை. ஒரு லாரியில் மார்க்கெட் கழிவு, அடுத்த லாரியில் ரெக்சின் துண்டும் தெர்மாகோலும், அதற்கடுத்த லாரியில் முக்கால்வாசி மண். உலையின் வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எரிபொருளைத் தேர்ந்தெடுக்க முடியாத கொதிகலனை ஓட்டச் சொன்னால் எந்த இயக்குநரும் தயங்குவார். சக்கைக்கும் குப்பைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஈரத்தில் இல்லை. மண்ணிலும் இந்தச் சீரின்மையிலும் இருக்கிறது.

திமார்பூருக்குப் பிறகு யாரும் பாடம் படிக்கவில்லை என்று சொல்வது நியாயமாக இருக்காது. நவீன நிலையங்களில் குப்பையை வந்தவுடன் எரிப்பதில்லை. ஆழமான குழியில் பல நாட்கள் போட்டுவைத்து, கிரேனால் கிளறி, கழிவுநீர் வடிந்த பிறகுதான் உலைக்குள் தள்ளுகிறார்கள். நம்மைப் போலவே ஈரமான சமையலறைக் குப்பை கொண்ட சீனா, இந்த வழியில்தான் நூற்றுக்கணக்கான நிலையங்களை ஓட்டிக் காட்டியது. ஆரம்ப காலத்தில் கணிசமான நிலையங்களில் குப்பையோடு நிலக்கரியும் சேர்த்து எரித்தார்கள். எனவே "நம் குப்பை எரியவே எரியாது" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. எரிய வைக்கலாம். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம், கிடைப்பது என்ன என்பதுதான் பேச வேண்டியது. வடிகிற அந்தக் கழிவுநீரே எளிதில் தீர்க்க முடியாத ஒரு சுமை. உள்ளே வரும் குப்பையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட அப்படி வடியக்கூடும், அதைச் சுத்திகரிக்கத் தனி ஆலை வேண்டும்.

கிடைப்பதைப் பார்ப்போம். வடிந்து உலர்ந்த பின் கிலோவுக்கு 1,700 கிலோ கலோரி என்று தாராளமாகவே கொடுப்போம். ஒரு டன் குப்பையில் இருக்கும் வெப்பம் சுமார் 2,000 யூனிட்டுக்குச் சமம். அதில் மின்சாரமாக மாறுவது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 யூனிட். நல்ல அனல் மின்நிலையம் 35 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கும்போது இங்கே ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் உப்புப் போட்ட சாப்பாடும் இருக்கின்றன. இரண்டிலும் குளோரின் உண்டு. நீராவியை 500 டிகிரிக்கு மேல் ஏற்றினால் அந்தக் குளோரின் கொதிகலன் குழாய்களை அரித்துத் தின்றுவிடும். அதனால் உலகம் முழுவதும் இந்த நிலையங்களில் நீராவியை 400 டிகிரி அளவிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வெப்பம் குறைந்தால் விளைச்சலும் குறையும். கிடைத்த 400 யூனிட்டிலும் மின்விசிறிகள், கிரேன்கள், புகை சுத்திகரிப்பு ஆகியவற்றுக்கு நிலையமே ஒரு பங்கை எடுத்துக்கொண்டது போக, வெளியே விற்க முந்நூற்றுச் சொச்சம் யூனிட்தான் மிஞ்சும்.

ஆயிரம் டன் குப்பையை நாள் முழுவதும் எரித்தால் 16 மெகாவாட் என்ற அளவு இப்படித்தான் வருகிறது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட். சென்னைக் குப்பை எல்லாவற்றையும் எரித்தாலும் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் நகரக் கழிவு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7.04 ரூபாய் என்றும், கழிவிலிருந்து பிரித்துத் தயாரித்த எரிபொருளில் எடுக்கும் மின்சாரத்துக்கு 7.90 ரூபாய் என்றும் பொது விலை வைத்தது. 2016இல் திருத்தப்பட்ட மின் கட்டணக் கொள்கை, இந்த மின்சாரம் முழுவதையும் மின் விநியோக நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றது. சூரிய மின்சாரம் இதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் காலம் இது. குப்பை மின்சாரத்தை மின்திட்டம் என்ற பெயரில் விற்பதுதான் எனக்கு முதல் உறுத்தல். அது குப்பையை அகற்றும் செலவு. அந்தச் செலவின் ஒரு பகுதி மின் கட்டணத்தின் வழியாக வசூலாகிறது. அப்படியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் விவாதம் நேர்மையாக நடக்கும்.

ஸ்வீடனைப் பார் என்று சொல்கிறவர்கள் இங்கே வந்து சேர்வார்கள். ஸ்வீடன் தன் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதியை எரிப்பதும், போதாமல் அயல்நாட்டுக் குப்பையை இறக்குமதி செய்து எரிப்பதும் உண்மைதான். ஆனால் அங்கே எரிஉலையின் முதன்மை விற்பனைச் சரக்கு மின்சாரம் அல்ல, வெந்நீர். குளிர்காலத்தில் ஊர் முழுவதும் குழாய்களில் ஓடி வீடுகளைச் சூடேற்றும் அந்த வெந்நீரால் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி பயன்பட்டுவிடுகிறது. மே மாதத்துச் சென்னையில் யாருக்கு வேண்டும் சூடு? இங்கே அந்த வெப்பம் குளிர்விப்பான் வழியாகக் காற்றுக்குப் போகிறது.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். குப்பை நன்றாக எரிய வேண்டும் என்றால் ஈரக் குப்பையைத் தனியே பிரிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. பிரித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மக்காத பகுதியின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 2,800 கிலோ கலோரி வரை ஏறிவிடும், கொதிகலன்காரனுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்த வெப்பம் எதிலிருந்து வருகிறது? அட்டை, காகிதம், பிளாஸ்டிக் பை, பால் கவர் ஆகியவற்றிலிருந்து. அவை அத்தனைக்கும் காயலான் கடையில் விலை உண்டு. குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களும், பழைய பேப்பர் வாங்குகிறவர்களும், தூய்மைப் பணியாளர்களும் அவற்றை எடுத்துப் போன பிறகு மிஞ்சுவது கிழிந்த துணி, பிய்ந்த செருப்பு, பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன ஷாம்பு, பாக்குப் பொட்டலங்கள், அழுக்குப் படிந்த பைகள். இதை எரிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் அளவு ஆயிரக்கணக்கான டன் கொள்ளும் உலைக்குப் போதாது. பிரித்தல் நன்றாக நடந்தால் பெரிய உலை பட்டினி கிடக்கும். நடக்காவிட்டால் அஜீரணத்தில் கிடக்கும். இந்த முரணுக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்ட அறிக்கையையும் நான் நம்பத் தயாராக இல்லை.

இதற்கு நிறுவனங்கள் கண்டுபிடித்திருக்கும் விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை டன் குப்பையைத் தருவோம் என்று மாநகராட்சி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு வாக்குறுதி கொடுக்கும் நிபந்தனை இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமானது. கடன் கொடுத்த வங்கிக்கு அந்த உறுதி வேண்டும்; அதில் தவறு காண முடியாது. ஆனால் கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து, குப்பையைக் குறைப்பதும் மறுசுழற்சியைக் கூட்டுவதும் மாநகராட்சியின் சொந்த நலனுக்கே எதிராகிவிடுகின்றன. அந்த 2016 விதிகள் எந்தப் பக்கம் இருந்தன என்று பார்த்தால், மறுசுழற்சி செய்ய முடியாத, 1,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் உள்ள கழிவைத்தான் எரிபொருளாகப் பயன்படுத்தச் சொல்லியிருந்தன. கலப்புக் குப்பையை அப்படியே எரிக்கச் சொல்லவில்லை.

புகை விஷயத்தை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைப் பற்றி மருத்துவர்களும் சூழலியலாளர்களும் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார்கள். டையாக்சின், பியூரான் என்ற நச்சுகள் உருவாகாமல் தடுக்க, எரிந்த வாயுவை 950 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடியாவது வைத்திருக்க வேண்டும் என்றன நம் 2016 விதிகள். புகையில் டையாக்சின் ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய அளவுக்குச் சமமான வரம்பு. சட்டம் கடுமையாகவே இருக்கிறது. ஆனால் மழைக்காலத்து ஈரக் குப்பை உள்ளே விழும்போது அந்த 950 டிகிரி நிலைக்குமா என்பதை முன்சொன்ன கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். டெல்லியின் ஓக்லாவில் 2012 தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய 16 மெகாவாட் நிலையம், சுக்தேவ் விகார் குடியிருப்புக்கு மிக அருகில் இருக்கிறது. வழக்குகள் நடந்து, 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிலையம் தொடர்ந்து ஓட அனுமதித்தாலும் 25 லட்சம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அனல் மின்நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் ஏற்கெனவே சூழ்ந்திருக்கும் வடசென்னையில் வாழ்கிறவர்கள் ஓக்லாவைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்பதில் வியப்பில்லை.

சாம்பலைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அது கொதிகலன்காரனின் பாடு. எரித்த குப்பையின் எடையில் கால்பங்கு அளவுக்கு அடிச்சாம்பலாகவே திரும்பி வரும். மண் அதிகமான நம் குப்பையில் இன்னும் கூடலாம். ஆக, குப்பைக் கிடங்கு தேவையில்லாமல் போகாது, சிறிதாகத்தான் ஆகும். புகையை வடிகட்டும் பைகளில் சேரும் பறக்கும் சாம்பல் வேறு வகை: புகையிலிருந்து பிடித்த கன உலோகங்களும் டையாக்சினும் அதில்தான் சேர்கின்றன. வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சாம்பல் ஆபத்தானது. அதை அபாயக் கழிவாகக் கருதி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற பாதுகாப்பான புதைகுழியில் போட வேண்டும், அதற்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும்.

எரிஉலை வந்தால் குப்பைமலை கரைந்துவிடும் என்றொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. டெல்லியில் ஓக்லா, காஜிப்பூர், நரேலா-பவானா, தெக்கண்ட் என்று நான்கு எரிஉலை நிலையங்கள் வந்துவிட்டன. காஜிப்பூர் மலையின் ஒரு பகுதி 2017 செப்டம்பரில் சரிந்து இரண்டு பேர் இறந்தபோது அதன் அடிவாரத்தில் எரிஉலை நின்றுகொண்டுதான் இருந்தது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில், கோஷே குப்பைமேட்டின் பக்கத்திலேயே ரெப்பி எரிஉலை நிலையம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 2017 மார்ச்சில் மேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே, ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகள் மேல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பின்னர் 2021இல் கெரவலப்பிட்டியில் 10 மெகாவாட் எரிஉலை நிலையம் இயங்கத் தொடங்கியது. இந்த நிலையங்கள் அன்றாடம் வரும் புதுக் குப்பையைத்தான் தின்னும். பல ஆண்டுகள் மட்கிய பழைய குப்பையில் பெரும்பங்கு மண், அது எரியாது. கொடுங்கையூரில் 40 ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சுமார் 66 லட்சம் டன்னை 640 கோடி ரூபாய் செலவில் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்களே, அந்த பயோமைனிங் வேலைதான் மலையைக் கரைக்கும் வழி. அதில் சலித்துக் கிடைக்கும் பிளாஸ்டிக், துணி போன்றவற்றை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்ப முடிகிறது. சிமென்ட் சூளையின் வெப்பம் 1,400 டிகிரிக்கு மேல். சாம்பலும் சிமென்டிலேயே கலந்துவிடும். மிச்சக் கழிவை எரிக்கத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அந்தச் சூளைகளை முதலில் நிரப்பலாம் என்பது என் எண்ணம். லாரி வாடகை ஒரு தடைதான். ஆயினும் புதிய உலை கட்டும் கடனுக்கான வட்டியோடு ஒப்பிட்டால் அது பெரிதில்லை.

அப்படியானால் ஈரக் குப்பையை என்ன செய்வது? எரியாததற்குக் காரணமாக இருக்கும் அதே ஈரம், சாண எரிவாயுக் கலனில் குறையாக இருப்பதில்லை. காற்றுப் புகாத கலனில் 35 முதல் 38 டிகிரி சூட்டில் நுண்ணுயிரிகள் உணவுக் கழிவைச் செரித்து மீத்தேன் வாயுவைத் தருகின்றன. ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து நூறு கனமீட்டர் அளவுக்கு எரிவாயு கிடைக்கும், அதில் பாதிக்கு மேல் மீத்தேன். நீரை ஆவியாக்கும் செலவே இல்லை. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவில் நாளொன்றுக்கு 30 டன்னைச் செரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2005 வாக்கிலேயே அமைக்கப்பட்டது என்பதைச் சென்னைக்காரர்களே பலர் மறந்துவிட்டார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு திமார்பூர் உண்டு. லக்னோவில் 2003இல் 5 மெகாவாட் அளவில் பெரும் எரிவாயு நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். நாளுக்கு நூற்றுக்கணக்கான டன் குப்பை வேண்டும். வந்ததோ பிரிக்காத குப்பை. மண் கலனின் அடியில் படியும். பிளாஸ்டிக் மேலே மிதந்து ஆடையாகக் கட்டிக்கொள்ளும். கலக்கும் துடுப்பில் துணியும் நாரும் சுற்றிக்கொள்ளும். அந்த நிலையம் நெடுநாள் நிலைக்கவில்லை. எரிஉலையாவது கொஞ்சம் மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், செரிகலன் பொறுக்காது. இப்படித் தொடர்ந்து தோல்விகள் வந்ததால்தான், அல்மித்ரா படேல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் கழிவு மின்திட்டங்களுக்கான அரசு மானியத்தையே நிறுத்திவைத்து, 2007இல் ஐந்து மாதிரித் திட்டங்களுக்கு மட்டும் வழிவிட்டது.

இந்தூர் அதே தொழில்நுட்பத்தை ஓட்டிக் காட்டியதற்குக் காரணம் கலன் அல்ல, வீட்டு வாசல். அங்கே தனித்தனி அறைகள் கொண்ட வண்டிகள் வீடு வீடாகப் போய், பிரித்துத் தராத வீட்டில் வாங்க மறுத்து, அபராதமும் போட்டு, பல ஆண்டுகள் மக்களைப் பழக்கிய பிறகுதான், 2022 பிப்ரவரியில் நாளுக்கு 550 டன் ஈரக் கழிவை ஏற்கும் ஆலையைத் திறந்தார்கள். மின்சாரமாக மாற்றாமல், வாயுவைச் சுத்திகரித்து நாளுக்கு 17,000 கிலோ வரை சி.என்.ஜி. எடுக்கும் திறனோடு அமைத்திருக்கிறார்கள். நகரப் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. மின்சாரமாக்கினால் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் எந்திரத்தில் வீணாகும். வாயுவாகவே விற்றால் அந்த இழப்பை நாம் தாங்க வேண்டியதில்லை. முதலில் பிரித்தல், பிறகு ஆலை என்ற வரிசையை மாற்றிப் போட்ட ஊர்களில்தான் ஆலைகள் துருப்பிடிக்கின்றன. நூறு டன் அளவிலான இத்தகைய நிலையங்களைச் சென்னையும் சேத்துப்பட்டு, மாதவரம் போன்ற இடங்களில் தொடங்கியிருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டாயிரம் டன் உலை கட்டுவதைவிட, இப்படிப் பரவலாக நூறு, ஐம்பது டன் கலன்களைக் கட்டுவதே நம் ஊருக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒன்று நின்றால் மற்றவை ஓடும், கோயம்பேட்டுக் கழிவை ஏற்றிக்கொண்டு லாரி கொடுங்கையூர்வரை போக வேண்டியதும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்பது என்று யாராவது விசாரித்தால், வெறும் முழக்கத்தைவிட நான்கைந்து எண்களைக் கேட்பது பயனளிக்கும் என்பேன். குப்பையின் ஈரப்பதமும் வெப்ப மதிப்பும் மாதவாரியாக அளக்கப்பட்டனவா, அதிலும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களின் அளவு என்ன. உலையின் வடிவமைப்பு வெப்ப மதிப்பு எவ்வளவு. மாநகராட்சி உறுதியளிக்கும் குறைந்தபட்ச டன் எவ்வளவு, தர முடியாவிட்டால் அபராதம் யாருக்கு. வெப்பம் குறையும்போது எந்த எரிபொருளைச் சேர்த்து எரிப்பார்கள், அதன் செலவு எந்தக் கணக்கில் வருகிறது. பறக்கும் சாம்பல் மாதம் எத்தனை டன், அது எந்தப் புதைகுழிக்குப் போகிறது. திட்ட அறிக்கையில் இவை இருக்க வேண்டும், இருந்தால் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். கோடையில் ஒரு வாரம் எடுத்த மாதிரியை வைத்து ஆண்டு முழுவதற்கும் ஒரே வெப்ப மதிப்பை எழுதியிருந்தால், அதற்குமேல் அந்த அறிக்கையில் உள்ள மெகாவாட் கணக்கையோ வருமானக் கணக்கையோ சரிபார்க்க நான் நேரம் செலவிட மாட்டேன்.